ஏரி தெரியாத லேக் வியூ ரோடு

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் ஏரி தெரியாது. அடுக்குமாடி வீடுகள் தெரியும், மருந்துக்கடை தெரியும், ஜெராக்ஸ் கடை தெரியும். நான் அரை டிராயர் போட்டுக்கொண்டு திரிந்த காலத்திலும் ஏரி தெரிந்ததில்லை. அந்தத் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் எங்கள் வீடு. எத்தனையோ கடிதங்களின் மேல் அந்தப் பெயரைப் படித்திருக்கிறேன். ஏரியே இல்லாத இடத்துக்கு ஏன் இப்படி ஒரு பெயர் என்று யோசித்தது 2010-ல் ஓய்வு பெற்ற பிறகுதான். உத்தியோகத்தில் இருந்தவரை அதற்கெல்லாம் நேரம் ஏது?

எங்கள் அப்பா 1954-ல் இங்கே ஒரு கிரவுண்டு வாங்கினார். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. ரயில் பாதைக்குக் கிழக்கே தி.நகரில் விலை கேட்டுப் பார்த்தாராம். கட்டுப்படியாகவில்லை. பாதையைத் தாண்டி மேற்கே வந்ததும் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. "நடந்தால் ஸ்டேஷன், ஏறினால் எழும்பூர், வேறென்ன வேண்டும்?" என்று அம்மாவிடம் சொன்னாராம். மங்களூர் ஓடு போட்ட வீடு, முன்னால் சின்னத் திண்ணை, பின்னால் உறைக் கிணறு. எனக்கு அப்போது நாலு வயது. விலை ஏன் பாதிக்கும் கீழே இருந்தது என்பதை நாங்கள் தெரிந்துகொள்ளப் பல வருஷம் ஆயிற்று.

முதலில் ஏரியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மாம்பலம் பழைய ஊர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் தன் சொந்தச் செலவில் ஒரு பாலம் கட்டினார். இன்றைய மறைமலை அடிகள் பாலம் இருக்கும் இடம்தான். வெள்ளைக்காரர்கள் அதை மர்மலாங் பாலம் என்றார்கள். மாம்பலம் என்ற சொல்தான் அவர்கள் வாயில் மர்மலாங் ஆனது. ஆக, 300 வருஷத்துக்கு முன்பே பாலத்துக்குப் பெயர் கொடுக்கிற அளவுக்கு நம் ஊர் பெரிய ஊர்.

இந்த ஊருக்கும் மவுண்ட் ரோட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய ஏரி கிடந்தது. நுங்கம்பாக்கத்தில் தொடங்கி, தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு வளைந்து போகும். அந்த நீளத்தைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர்கள் 'லாங் டாங்க்' என்று பெயர் வைத்தார்கள். பழைய சென்னை வரைபடங்களில் நகரத்தின் மேற்கு எல்லை போலவே அது நீலமாகத் தெரியும். துரைமார்கள் அதில் படகுப் போட்டிகூட நடத்தியிருக்கிறார்கள்.

நம் பக்கத்து ஏரிகளுக்கு நாலு பக்கமும் கரை இருக்காது. நிலம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் மட்டும் கரை போடுவார்கள். சென்னையில் நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கடலைப் பார்த்துச் சரிகிறது. அதனால் ஏரிக்குக் கரை கிழக்கே. மேற்குப் பக்கம் திறந்தே கிடக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் அந்தப் பக்கம் பரவும், கோடையில் பின்வாங்கும். மேற்கே பெய்கிற மழையெல்லாம் மெதுவாக வழிந்து ஏரிக்குள் போய்ச் சேரும். மேற்கு மாம்பலம் இருப்பது அந்தத் திறந்த பக்கத்தில்தான். லேக் வியூ ரோட்டுக்குப் பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அங்கிருந்து கிழக்கே பார்த்தால் ஏரி தெரிந்திருக்கும்.

1920-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் மூச்சுவிட இடமில்லை. 1920-ல் நகர அமைப்புச் சட்டம் வந்தது. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த வயல்கள் ஏற்கெனவே தோட்டமாகவும் பங்களாவாகவும் மாறிக்கொண்டிருந்தன. ஆகவே ஏரியின் தண்ணீரை வடித்துவிட்டு வீட்டுமனை போடலாம் என்று அரசாங்கம் முடிவு செய்தது. 1923-ல் வேலை தொடங்கியது. நீதிக்கட்சி ஆட்சிக் காலம். ஆகவே புதிய நகரத்துக்கு அந்தக் கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயர். நடுவில் வைத்த பூங்காவுக்கு அப்போதைய முதலமைச்சர் பனகல் ராஜாவின் பெயர். இன்னொரு பூங்காவுக்கு டாக்டர் நடேச முதலியார் பெயர். உஸ்மான் ரோடு, டாக்டர் நாயர் ரோடு, ஜி.என். செட்டி ரோடு எல்லாம் அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள்தான். பாண்டி பஜார் என்பதும் பாண்டிச்சேரி சம்பந்தப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது சௌந்தரபாண்டியனார் பெயரில் வந்த அங்காடி.

வடக்கே நுங்கம்பாக்கத்தில் மிச்சமிருந்த ஏரியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்தது. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் அந்த ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கிறது. அதன் அருகிலேயே 'லேக் ஏரியா' என்று தெருக்கள் இருக்கின்றன. அங்கேயும் லேக் கிடையாது.

தி.நகரில் நேர் நேராக ரோடு போட்டார்கள், பூங்கா வைத்தார்கள், மரம் நட்டார்கள். ரயில் பாதைக்கு மேற்கே அப்படி யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. பழைய கிராமம், கோதண்டராமர் கோயில், காசி விஸ்வநாதர் கோயில், அவற்றைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகள், பிறகு எங்கள் அப்பாவைப் போலச் சம்பளக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கட்டிய ஓட்டு வீடுகள். மேற்கேயிருந்து வழிந்து வந்த மழைத் தண்ணீருக்கு முன்னே ஏரி இருந்தது. இப்போது அது போக இடமில்லை. நடுவில் ரயில் பாதை வேறு அணை மாதிரி உயர்ந்து நிற்கிறது. இது என் கணக்கு. இன்ஜினீயர்கள் திருத்தினால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் வாசலுக்கு முன்னால் ஓடிய திறந்த சாக்கடை, ஓடியது என்பதைவிட நின்றது என்பதே சரி. பாதாளச் சாக்கடை எங்கள் தெருவுக்கு வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்.

நின்ற தண்ணீரில் என்ன வரும்? கொசு வரும்.

மாம்பலம் கொசுவைப் பற்றி அந்த நாளில் பேசாதவர்களே கிடையாது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லா வீட்டிலும் கதவைச் சாத்தி, தணலில் வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகை மூட்டுவார்கள். திண்ணையில் பேசுகிற பெரியவர்கள் கையில் துண்டு ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். கார்ப்பரேஷன் ஆட்கள் முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு வந்து சாக்கடையில் கறுப்பு எண்ணெய் தெளிப்பார்கள். கிணற்றில் சின்னச் சின்ன மீன்களை விட்டுவிட்டுப் போவார்கள். அவை கொசுப் புழுவைத் தின்னுமாம். எங்களுக்கு அது நல்ல விளையாட்டு. வாளியில் மீன் வந்துவிட்டால் அதைத் திரும்பக் கிணற்றில் விடுவதற்குத் தம்பியும் நானும் சண்டை போடுவோம்.

ஆனால் கொசு வெறும் கடியோடு போகவில்லை. யானைக்கால் நோயையும் பரப்பியது. டெங்கு கொசு மாதிரி இது நல்ல தண்ணீரில் வளர்ந்து பகலில் கடிப்பது இல்லை. சாக்கடையில் வளர்ந்து ராத்திரியில் கடிப்பது. ஒரு கடி, இரண்டு கடியில் நோய் வந்துவிடாது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கடி வாங்க வேண்டும். எங்கள் தெருவில் அதற்குக் குறைவில்லை.

எங்கள் அத்தை, அப்பாவுக்கு மூத்தவள். சின்ன வயதிலேயே கணவனை இழந்து, நாங்கள் வீடு கட்டிய மறு வருஷம் எங்களோடு வந்து சேர்ந்தாள். வந்தபோது கால் நன்றாகத்தான் இருந்தது. நாலைந்து வருஷத்தில் மாதம் ஒரு முறை குளிர் சுரம் வர ஆரம்பித்தது. தொடையில் நெறி கட்டும், இரண்டு மூன்று நாள் படுத்துவிடுவாள். சுரம் போகும், வீக்கம் மட்டும் கொஞ்சம் தங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம். 1960 வாக்கில் இடது கால் முழங்காலுக்குக் கீழே பெருத்துவிட்டது. அதன் பிறகு அத்தை பகலில் வாசலுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. கோயிலுக்குப் போவதென்றால் இருட்டிய பிறகு, புடவையைத் தாழக் கட்டிக்கொண்டு போவாள்.

வீட்டில் யாரும் வாய்விட்டு எதையும் சொன்னதில்லை. ஆனால் அத்தையின் தட்டு, டம்ளர், பாய், தலையணை எல்லாம் தனியாகிவிட்டன. யார் ஏற்பாடு என்று தெரியாது. ஒருவேளை அத்தையே செய்துகொண்டாளோ என்னவோ. "குழந்தைகள் இருக்கிற வீடு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அக்காவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். கும்பகோணத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெண்ணைப் பிடித்திருந்தது. சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. கிளம்பும்போது பையனின் அம்மா கொல்லைப்புறம் போனாள். அங்கே அத்தை கிணற்றடியில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்தில் ஜாதகம் பொருந்தவில்லை என்று கடிதம் வந்தது. ஜாதகம் பொருந்தித்தான் பெண் பார்க்கவே வந்தார்கள். இத்தனைக்கும் கும்பகோணமும் யானைக்காலுக்குப் பேர் போன ஊர்தான். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. "விலை குறைச்சல்னு பார்த்து வாங்கினேனே" என்று அவர் சொன்னது ஒரே ஒரு தடவைதான். அது அத்தை காதில் விழுந்தது. அக்காவுக்கு அப்புறம் நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. ஆனால் இரண்டு வருஷம் கழித்து.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரியில் யாராவது வீடு எங்கே என்று கேட்டால் தி.நகர் என்றுதான் சொல்வேன். எந்த நண்பனையும் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. வந்தால் அத்தையைப் பார்த்துவிடுவானே என்ற பயம். அத்தைக்கு அது தெரிந்திருக்கும். ஒரு நாளும் கேட்டதில்லை. இதைப் படிக்கிற மேற்கு மாம்பலத்துக்காரர்களில் தி.நகர் என்று சொன்னவன் நான் ஒருவன் மட்டும் இருக்க மாட்டேன்.

இனி சொல்லப்போவதுதான் பல வருஷமாக என் மனதில் இருக்கிற விஷயம்.

1955-ல் மத்திய அரசாங்கம் யானைக்கால் ஒழிப்புத் திட்டம் ஒன்றை ஆரம்பித்திருந்தது. சீனச் சண்டை நடந்த 1962-ல் எங்கள் தெருவுக்கு ராத்திரியில் ரத்தம் எடுக்க வந்தார்கள். பகலில் எடுத்தால் பிரயோஜனம் இல்லை. அந்தப் புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் உடம்பின் உள்ளே தங்கிவிட்டு, ராத்திரி கொசு கடிக்கிற நேரத்துக்குத்தான் தோலுக்கு அருகில் ரத்தத்தில் வருமாம். தூங்கிக்கொண்டிருந்த எங்களை எழுப்பி, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் விரலில் சுருக்கென்று குத்தி, கண்ணாடிச் சில்லில் ரத்தம் தடவி, பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். தம்பி அழுதான். நான் பெரியவன் என்பதால் அழவில்லை.

அத்தை விரலை நீட்டவே தயங்கினாள். "எனக்குத்தான் இருக்கே, எதுக்கு எடுக்கணும்?" என்றாள். வந்தவர் ஒரு மாதிரி சிரித்துவிட்டு, "இருக்கட்டும்மா, எல்லாருக்கும் எடுக்கணும்" என்றார்.

ஒரு வாரம் கழித்து சீட்டு வந்தது. அத்தை ரத்தத்தில் புழு இல்லை. என் ரத்தத்தில் இருந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயது. கால் இரண்டும் குச்சி மாதிரி இருக்கும், நாள் முழுதும் தெருவில் கோலி, கில்லி. சுரம் கிடையாது, வலி கிடையாது. ஹெட்ரசான் மாத்திரை கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் தலை சுற்றல், வாந்தி, சுரம். மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்றார்கள். பிறகு ஒன்றுமில்லை. இன்றுவரை எனக்கு ஒன்றும் வரவில்லை.

அதன் அர்த்தம் அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. ஏதோ சீட்டு மாறிவிட்டது என்று அம்மா நினைத்தாள். பிற்காலத்தில் ஒரு டாக்டர் நண்பர்தான் விளக்கினார். கால் வீங்கியவர்களின் ரத்தத்தில் பெரும்பாலும் புழுக் குஞ்சு இருப்பதில்லை. உள்ளே நிணநீர்க் குழாய் கெட்டுப்போனதால் வருவது வீக்கம். அவர்களைக் கடிக்கிற கொசுவுக்கு எடுத்துப்போக அநேகமாக ஒன்றும் இருக்காது. நோயைப் பரப்புகிறவர்கள் பார்வைக்கு ஒரு குறையும் இல்லாதவர்கள். தட்டு, டம்ளர், பாய் வழியாக அது பரவவே பரவாது.

ஆக, குழந்தைகள் இருக்கிற வீடு என்று அத்தை தன்னைத் தனியாக ஒதுக்கிக்கொண்டாளே, அந்த வீட்டில் சீட்டின்படி நோயைக் கொசுவிடம் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். யாருக்கும் தெரியாமல், எனக்கே தெரியாமல். டாக்டர் நண்பர் இதைச் சொன்னது 1985-ல். அத்தை 1979-லேயே போய்விட்டாள். தனித் தட்டோடுதான் போனாள்.

எங்கள் தெருவில் அந்த நோய் குறைந்ததற்குப் பெரிய காரணம் பாதாளச் சாக்கடை என்று நினைக்கிறேன். மாத்திரையும் காரணம். பின்னால் வருஷத்துக்கு ஒரு நாள், நோய் இருக்கிறதோ இல்லையோ எல்லாருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அந்தச் சீட்டு எங்களுக்குச் சொன்ன பாடம்தான் அது. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே எல்லாரும் சாப்பிட வேண்டும்.

கொசு குறைந்தது, ஊருக்கு மவுசு வந்தது. அயோத்தியா மண்டபத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. மேற்கு மாம்பலத்தில் வீடு என்றால் பெண் கொடுக்க யோசித்த காலம் போய், மேற்கு மாம்பலத்தில் வீடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பெண் கொடுக்கிற காலம் வந்தது. ஏரியை எல்லாரும் மறந்தோம்.

2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் குழாய் போட்டேன். இரண்டு மழையில் கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் அளவுக்கு வந்தது. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். நிலத்தடி நீர் இவ்வளவு மேலே எப்படி என்று.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி அந்தச் சந்தேகம் தீர்ந்தது. அன்று தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாறு கரை மீறியது. ராத்திரி பத்து மணிக்கு வாசலில் கணுக்கால் அளவு, விடியும்போது கூடத்தில் முழங்காலுக்கு மேல். மின்சாரம் இல்லை, போன் இல்லை. எதிர் வீட்டு மாடியில் நாலு நாள் இருந்தோம். மேலேயிருந்து பார்த்தால் எங்கள் கிணற்றின் கைப்பிடிச் சுவரும் தெருத் தண்ணீரும் ஒரே மட்டம். தெருவே காணோம், நீளமாகத் தண்ணீர்தான். அப்பாவின் பத்திரங்கள், அக்கா கல்யாண ஆல்பம், அத்தையின் ஒரே போட்டோ எல்லாம் கீழ் அலமாரியில் இருந்தன. பத்திரத்தைக் காயவைத்து மீட்டேன். போட்டோ போய்விட்டது.

2021 நவம்பரில் தி.நகரே நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. வள்ளுவர் கோட்டத்துப் பக்கத்திலிருந்து தி.நகர் வழியாக அடையாற்றுக்குப் போகிற மாம்பலம் கால்வாய்தான் அந்தப் பழைய ஏரிக்கு மிஞ்சிய ஒரே வடிகால். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் தன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ரயிலுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்ற வித்தியாசம் தண்ணீருக்குக் கிடையாது.

வெள்ளத்துக்குப் பிறகு ஓட்டு வீட்டை வைத்துக்கொள்ள முடியவில்லை. 2017-ல் தம்பியும் நானும் சேர்ந்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தோம். மண் பரிசோதனைக்குத் துளை போட்டார்கள். சில அடிக்குக் கீழே கறுப்புக் களிமண் வந்தது. அதில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நத்தை ஓடுகள். துளை போட்டவர், "ஏரி மண்ணு சார்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் இரண்டு ஓடுகளைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு புத்தகத்திலும் வரைபடத்திலும் தேடிக்கொண்டிருந்த ஏரி என் உள்ளங்கையில் இருந்தது.

கிணற்றை மூடிவிட்டால் இரண்டு கார் கூடுதலாக நிறுத்தலாம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தம்பிக்குக்கூடக் கொஞ்சம் வருத்தம். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கிற நான்கு ஏரிகளும் வறண்டு, லாரிக்காக ஊரே குடத்தோடு நின்றபோது, அந்தக் கிணறு எங்கள் எட்டு வீட்டுக்கும் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி தண்ணீர் கொடுத்தது. அதற்குப் பிறகு கார் நிறுத்துகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

உங்கள் வீட்டிலோ குடியிருப்பிலோ பழைய கிணறு இருந்தால் தயவு செய்து மூடாதீர்கள். வலை போட்டு வையுங்கள், கொசு வராது.

இப்போது யார் கேட்டாலும் மேற்கு மாம்பலம் என்றுதான் சொல்கிறேன். அத்தையின் திதி அன்று அந்தக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் இறைக்கிறோம். அவள் உட்கார்ந்து காலைக் கழுவிய கல்லை வீடு இடிக்கும்போது தூக்கிப் போடப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லி, கிணற்றுப் பக்கத்திலேயே பதிக்கச் சொன்னேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இத்தனையும் சொல்லியிருப்பேன்.